பிரித்துத் தைத்த கழுத்து

பனியன் கம்பெனியில் எல்லோரும் தைத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் பிரித்துக்கொண்டிருப்பாள். அந்த ஒருத்தி நான். கழுத்துப் பட்டி துளி நெளிந்தாலும் எனக்குப் பொறுக்காது. "ஆர்டர் குடுக்கிற பையர் கண்ணுக்கே தெரியாதுங்க அக்கா" என்பார்கள். பையர் கண்ணை யார் கேட்டது? என் கண்ணுக்குத் தெரிகிறதே!

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நல்லூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் சாம்பிள் டைலர் இடம் ஒன்று காலியானது. ஆர்டர் பிடிக்க வெளிநாட்டுக்கு முதலில் அனுப்பும் மாதிரிச் சட்டையைத் தைக்கிற வேலை. லைனில் உட்கார்ந்து நாளெல்லாம் கழுத்து மட்டுமே தைத்துத் தள்ளிய எனக்கு, ஒரு சட்டையை முழுசாக நானே தைக்க வேண்டுமென்று கொள்ளை ஆசை. போட்டிக்கு இன்னொருத்தியும் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, என்னைவிட இளையவள், கை வேகம் என்றால் அப்படியொரு வேகம்.

சாம்பிள் இன்சார்ஜ் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குழந்தைச் சட்டைக்குத் துணி கொடுத்தார். "துணி இவ்வளவுதானுங்க அக்கா, வேற இல்லீங்க. சாயங்காலம் ஒண்ணு கூரியர்ல போகோணும். எது நல்லா வருதோ, அவங்களுக்குத்தான் இந்த இடம்" என்றார்.

மதியமே தைத்து முடித்துவிட்டேன். விரித்துப் பார்த்தால் தோள்பக்கம் கழுத்து லேசாக நெளிந்தது. பிரித்தேன். தைத்தேன். அப்போதும் நெளிந்தது. "எக்கா, நல்லாத்தான இருக்கு, விடுங்க" என்றாள் அவள், தன் சட்டையை மடித்துக்கொண்டே. அவள் சட்டைக் கழுத்திலும் அதே நெளிவு. இதைப் போய் மடித்து வைக்கிறாளே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மறுபடி பிரித்துத் தைத்தேன். இந்தத் தடவை கழுத்து அப்படியே உட்கார்ந்தது. அப்பாடா!

இழுத்துப் பார்த்தேன். தையலை ஒட்டிப் பொட்டு அளவு ஓட்டை. பனியன் துணியில் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் இழை அறுந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்கிற விஷயம்தான். பிரிக்கும்போது எனக்கே உறைக்கவில்லை. அயர்ன் போட்டேன், ஓட்டை மறைந்துவிட்டது.

இன்சார்ஜ் மேஜைமேல் வைத்துப் பார்த்தார். "சூப்பருங்க அக்கா! கழுத்துன்னா இதுதானுங்க கழுத்து."

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இடம் எனக்கு. குழந்தைக்குப் போடும்போது இழுக்கத்தானே செய்வார்கள்? "இழுத்துப் பாருங்க, ஓட்டை இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் சட்டைதான் கூரியரில் போனது. இடமும் அவளுக்கே. பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது? அவள் என்ன தப்பு செய்தாள்?

கொஞ்ச நாள் கழித்து அவள் ஒரு சாம்பிளோடு என் மெஷினுக்கு வந்தாள்.

"எக்கா, நீங்க ஒருக்கா பாத்தாத்தான் எனக்கு நிம்மதி. கழுத்து நெளியுது. பிரிச்சிரட்டுமா?"

வாங்கிப் பார்த்தேன். மெல்லிய துணி. ஏற்கெனவே பிரித்துத் தைத்த தடம் தெரிந்தது. நெளிவும் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. என் கை தானாகக் கத்தரியைத் தேடிப் போனது.

"வேண்டாம் கண்ணு. இப்பிடியே அனுப்பு" என்றேன்.

சந்தோஷமாகப் போய்விட்டாள். நெளிந்த கழுத்தை என் வாயாலேயே அனுப்பச் சொன்னதில் எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த இடம் கைவிட்டுப் போன அன்றைக்குக்கூட அப்படி எரியவில்லை.