நாடி இல்லாத குழாய்

தம்பியின் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளிதான் இருந்தது. முள் குத்திப் பிடுங்கிய இடம் போல. ரத்தம் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த டிராக்டரின் முன்னால் நின்று விரலை ஒருமுறை உதறினான்.

"சுருக்குன்னுச்சு. எறும்பு கடிச்ச மாதிரி," என்று சிரித்தான்.

அவன் மனைவி டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் மறுபடி உயிர் பெற்றதில் அவள் முகத்திலும் சிரிப்பு. நான் வரப்பில் நின்றிருந்தேன். மூன்று பேரில் பயந்தது நான் மட்டும்தான். எதற்குப் பயப்படுகிறேன் என்று உடனே சொல்லவும் என்னால் முடியவில்லை.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிறது. நான் தஞ்சாவூரில் ஒரு செய்தித்தாளில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். அது சம்பா நடவு நேரம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை அன்றோடு முடிகிறது. மறுநாள் காலை நடவு ஆட்கள் வருவதாகப் பேச்சு. அதற்குள் மிச்ச வயலைச் சேறடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் டீசல் தீர்ந்துபோனதைத் தம்பி கவனிக்கவில்லை. டிராக்டர் நட்ட நடு வயலில் இருமிவிட்டு நின்றது.

கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றினான். கையோடு ஃபில்டரையும் மாற்றினான். எஞ்சின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

"ஏர் பிடிச்சிருக்கு. எடுத்துட்டா போயிடும்," என்றான்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். நிலம் எங்கள் கைக்கு வந்தது பின்னால். நிலத்தோடு வந்த முதல் இயந்திரம் ஒரு பழைய டீசல் பம்ப்செட். அதற்கப்புறம் பலர் ஓட்டித் தேய்த்த ஒரு டிராக்டர். இந்தப் புது டிராக்டர் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புதிதாக வாங்கிய வண்டி. ஆனால் தம்பியின் கைக்குத் தெரிந்த வேலையெல்லாம் முதல் இரண்டிலும் கற்றது.

அந்த இரண்டிலும் டீசல் போகும் விதம் ஒன்றுதான். சிலிண்டருக்கு டீசல் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் பம்ப் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளல் இரும்புக் குழாய் வழியே போய், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனையான நாசிலில் தெறிக்கும். குழாயை விரலால் பிடித்தால் ஒவ்வொரு தள்ளலும் துடிப்பாகத் தெரியும். எந்தக் குழாய் துடிக்கவில்லையோ, அந்தச் சிலிண்டரில் கோளாறு. இதை எங்கள் பக்கம் நாடி பார்ப்பது என்பார்கள். காற்று புகுந்துவிட்டால் நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்ற வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் முடுக்கிவிட வேண்டும். பம்ப்செட் வைத்திருந்த எல்லா வீட்டிலும் இது தெரியும். கசிவு இருந்தால் விரலால் தடவித்தான் பார்ப்பார்கள். கையில் டீசல் பிசுபிசுக்கும், அவ்வளவுதான்.

புது எஞ்சினில் பம்ப் தள்ளிக்கொடுப்பதில்லை. எல்லா நாசிலுக்கும் பொதுவாக ஒரு தடித்த குழாய் உண்டு. ரெயில் என்பார்கள். பம்ப் அதில் டீசலை அடைத்து அடைத்து அழுத்தத்தில் வைத்திருக்கும். எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். புகை குறைவு, டீசல் மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் குழாயில் துடிப்பு இல்லை. தொட்டால் செத்த குழாய் போல இருக்கும். உள்ளே எப்போதும் அழுத்தம் நின்றுகொண்டிருக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது என் வேலையில்தான். பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோது, மெக்கானிக்குகளுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். சோக்கை இழுத்து, உதைத்து, ஸ்க்ரூவைத் திருகிப் பழகியவர்கள் லேப்டாப் முன்னால் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பயிற்சி தந்தவர், "பைக்ல பயமில்ல. டீசல் பக்கம் போறவங்க மட்டும் இதப் பாத்துக்குங்க," என்று இரண்டு படங்கள் காட்டினார். முதல் படத்தில் ஒரு விரலும் அதில் ஒரு புள்ளியும். இரண்டாவது படத்தில் அதே கை, விரல் நுனியிலிருந்து முன்கை வரை கீறித் திறந்த நிலையில். செய்தியில் அதற்கு இடமில்லை. ஆனால் படம் மனத்தில் தங்கிவிட்டது.

வரப்பில் நின்றபோது நினைவுக்கு வந்தது அந்த முதல் படம்.

"எஞ்சினை நிறுத்து," என்றேன்.

"ஏங்க்கா, இப்பத்தான் உசுரு வந்துருக்கு."

"நிறுத்தச் சொல்றேன்ல."

தம்பி மனைவி என்னையும் அவனையும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். தவளைச் சத்தம் கேட்கும் அளவுக்கு வயல் அமைதியானது.

"எதுல கை வச்ச?"

"ஏர் எடுக்கத் தளத்தி முடுக்குன நட்டு இது, லேசாக் கசிஞ்சுது. பொகை மாதிரி. எங்கேருந்து வருதுன்னு தடவிப் பாத்தேன்." அவன் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பானெட்டின் உட்புறம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கை படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு. பாதி வரை சேறு காய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். கிளம்பு."

"எறும்புக் கடிக்கா? ஊரே சிரிக்கும்க்கா. ஒனக்கு எல்லாமே தலைப்புச் செய்திதான்."

ஸ்டிக்கரில் இருந்த சர்வீஸ் எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. "பைப்ப லூஸ் பண்ணீங்களா? யாருங்க பண்ணச் சொன்னா? ஒருதடவ கழட்டுனா புதுசுதாங்க போடணும். ஃபில்டர் மேல கைப்பம்பு இருக்குல்ல, அத அமுக்குனாலே ஏர் போயிடுமே," என்றார். கையில் பட்டுவிட்டது என்று மறுபடி சொன்னேன். "சோப்புப் போட்டுக் கழுவுங்க மேடம். மெக்கானிக் திங்கக்கிழம வருவாரு," என்று வைத்துவிட்டார்.

எங்கள் வேலையில் ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடக் கூடாது. இன்னொருவரிடமாவது உறுதிசெய்ய வேண்டும். என்னிடம் இருந்ததோ பழைய படம் ஒன்றின் நினைவு. இன்னொரு பக்கம் மறுநாள் நடவு, இன்றோடு தீரும் தண்ணீர், சிரித்துக்கொண்டிருக்கும் தம்பி.

கடைசியில் தம்பி மனைவிதான் பேசினாள். "அண்ணி இவ்ளோ சொல்றாங்கள்ல, பக்கத்து கிளினிக்லயாவது காட்டிட்டு வந்துருவோம். ஊசி போட்டா ஒடனே திரும்பிரலாம்." அதற்கு அவன் இணங்கினான். சேற்றுக் காலோடு காரில் ஏறினான்.

கிளினிக் டாக்டர் வயதானவர், எங்கள் ஊருக்கெல்லாம் பழக்கமானவர். விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அழுத்தத்துல டீசல் உள்ள போயிருக்கும் டாக்டர்," என்றேன்.

"டீசல் பட்டா கொஞ்சம் எரியும்மா. கழுவிட்டீங்கள்ல? டிடி ஊசி போட்டுடறேன். வலிச்சா மாத்திரை."

தம்பி என்னைப் பார்த்த பார்வையில், திருப்திதானே என்ற கேள்வி இருந்தது. வலிக்கவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த வகுப்பில் பயிற்சி தந்தவர், "மொதல்ல வலிக்காது," என்று சொன்னதாக ஞாபகம். நிஜமாகச் சொன்னாரா, பயத்தில் நானே சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

காரில் ஏறியதும் நடவு ஆட்களைக் கூட்டிவரும் பெண்ணுக்கு போன் செய்யத் தன் மொபைலை எடுத்தான். விரலை வைத்தான். திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மொபைல் நடுங்கி மறுத்தது. இன்னொரு முறை அழுத்தி வைத்தான்.

"சேறு ஒட்டியிருக்கும்," என்றாள் அவன் மனைவி.

"சேறு இல்ல." அவன் விரலை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பக்கத்து விரலை விடத் தடித்திருந்தது. நுனி வெளுத்து, தோல் இறுகிப் பளபளத்தது. ரேகை சரியாகத் தெரியவில்லை. மடக்கப் பார்த்தான். பாதியில் நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, தஞ்சாவூருக்கே போ."

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எனக்கு முன்னால் பஸ்கள், நெல் லாரிகள், டிப்பர்கள். வந்து நின்ற ரயிலின் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடியாமல் கேட் திறக்காது என்று ஊருக்கே தெரியும். வண்டிகளெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டன. வெள்ளரிக்காய் விற்பவர் ஜன்னல் ஜன்னலாக வந்தார். எங்கள் ஜன்னலில் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

அங்கேதான் வலி வந்தது. தம்பி முதலில் விரலைப் பிடித்தான். பிறகு உள்ளங்கையை. பிறகு மணிக்கட்டை. வலி மேலே ஏறுவதை அவன் பிடியை வைத்தே என்னால் பார்க்க முடிந்தது. ஏசி காற்றிலும் நெற்றி வியர்த்திருந்தது.

பின் சீட்டில் அவன் மனைவி ஜெபமாலையை எடுத்தாள். ஆனால் ஜெபிக்கவில்லை, கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"நாந்தானே சாவியத் திருப்புனேன்," என்றாள்.

"நீ திருப்பலன்னா நானே ஏறித் திருப்பியிருப்பேன்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பிறகு, "கை போச்சுன்னா நீதான் ஊட்டிவிடணும். மீன்ல முள்ளெல்லாம் எடுத்துட்டு ஊட்டணும், சொல்லிட்டேன்."

"வாய மூடுங்க," என்றாள்.

நான் இறங்கிப் போய் கேட்டைப் பார்த்தேன். இறங்கிப் போவதால் கேட் திறக்காது. ஆனாலும் உட்கார முடியவில்லை. திரும்பி வரும்போது அந்த இரண்டாவது படம் முழுதாக நினைவுக்கு வந்தது. அந்தக் கையில் ஆள்காட்டி விரல் இருந்ததா என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

தஞ்சாவூர் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களுக்கு முன்னால் தலையில் அடிபட்டவர், விஷம் குடித்தவர், மூச்சுத் திணறும் முதியவர். அவர்களுக்கு நடுவே ஒரு விரலில் ஒரு புள்ளி. உட்காருங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரியும். செய்தியின் சாரத்தை முதல் வரியிலேயே வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. டியூட்டியில் இருந்த டாக்டரிடம் அப்படியே சொன்னேன்: "காமன் ரெயில் டீசல் எஞ்சின். ஓடிக்கிட்டிருக்கும்போது கசிவு மேல விரல் வச்சிருக்கான். டீசல் உள்ள பாஞ்சிருக்கு. காலையில நடந்தது. இப்ப மணிக்கட்டு வரைக்கும் வலி."

அந்த இளம் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்ளோ பிரஷர்?"

"கார் டயர்ல இருக்கறதப் போல நூறு மடங்குக்கு மேல. சும்மா ஓடும்போதே."

அவர் புள்ளியைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அழுத்தினார். தம்பி கத்தினான். அடுத்து மணிக்கட்டுக்கு மேலே அழுத்தினார். தம்பி மறுபடி கத்தினான். டாக்டர் போனை எடுத்தார்.

வந்த சர்ஜன் ஒரு பெண். அதிகம் பேசவில்லை. உடனே திறந்து கழுவியாக வேண்டும் என்றார்.

"விரல் இருக்குமா?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"தொறந்து பாத்தாத்தாம்மா சொல்ல முடியும். மொதல்ல கையக் காப்பாத்துவோம்."

கையெழுத்து கேட்டார்கள். தம்பி இடது கையால் போட்டான். அது வேறு யாருடைய கையெழுத்தோ போலிருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது மனைவியிடம், "மேலத்தெருவுல ஒரு பழைய டிராக்டர் சும்மாதான் நிக்குது. அத விட்டு மிச்ச வயலச் சேறடிக்கச் சொல்லு. தண்ணி வத்திரும்," என்றான். அவள் அங்கேயே நின்று போன் செய்தாள். அழுதுகொண்டே எந்த வயல், எந்த மடை என்று விளக்கிச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவருக்கு அவள் அழுவது தெரிந்திருக்காது.

சர்ஜன் வெளியே வந்தபோது, "தொறந்ததும் டீசல் வாடை அடிச்சுது," என்றார். உள்ளங்கை வரை பரவியிருந்ததாம். காயத்தை மூடவில்லை. இன்னொரு முறை திறந்து கழுவ வேண்டும், அதற்கப்புறம்தான் விரலைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார். நாங்கள் காத்திருந்தோம். கட்டுக்கு வெளியே தெரிந்த நுனியின் நிறத்தை அவன் மனைவி அடிக்கடி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் என்னையும் பார்க்கச் சொன்னாள். எனக்கு ஒருமுறை சிவப்பாகவும் ஒருமுறை சாம்பலாகவும் தெரிந்தது. சிவப்பாக இருக்கிறது என்றே ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

விரல் தங்கியது. நடுக்கணுவுக்கு மேலே மடங்காது. நடவு ஒரு நாள் தள்ளி முடிந்தது. டிராக்டருக்குச் சர்வீஸ்காரர்கள் புதுக் குழாய்கள் போட்டுவிட்டுப் போனார்கள். கழற்றிய குழாய்களில் ஒன்றைத் தம்பி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. நட்டு உட்காரும் வாயில் மயிரளவு கீறல், அவ்வளவுதான்.

அறுவடைக்கு நான் போயிருந்தேன். டிரெய்லரில் நெல் ஏற்றியிருந்தது. அவன் மனைவி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தம்பி முன்னால் நின்று பானெட்டைத் திறந்து ஆயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கத்தில் அவன் கை குழாய்களின் பக்கம் நீண்டதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அவள் சாவியைத் திருப்பவில்லை.

"ரெண்டு கையையும் காட்டுங்க," என்றாள்.

"ஆரம்பிச்சுட்டா. போலீஸ்ல மாட்டுன திருடன் மாதிரி தெனம் நிக்கிறேன்க்கா."

"காட்டுங்கன்னா."

அவன் பானெட்டை மூடினான். பின்னால் நகர்ந்து இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினான். வலது கையில் மற்ற விரல்கள் லேசாக வளைந்திருக்க, ஒரு விரல் மட்டும் மடங்காமல் நேராக நின்றது. அவள் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.