மாமா நீர்க்கக் கரைத்த மருந்து

எங்கள் மாட்டுக்கு உண்ணி பிடித்தபோது மருந்தடிக்கும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர். தண்ணீரில் எதைக் கலப்பதானாலும் தன்னைவிட்டால் ஆளில்லை என்பது அவர் எண்ணம். அந்த ஒரு மாட்டின் பாலை வீடு வீடாக ஊற்றித்தான் அம்மா எங்களுக்குச் சோறு போட்டாள்.

புட்டியில் எழுதியிருந்த அளவை மாமா பொருட்படுத்தவில்லை. சாயத்தைப் போலவே மருந்தையும் முதலில் நீர்க்கக் கரைத்தார்.

“மாட்டுக்குச் சாயமா போடுற?” என்றாள் அம்மா.

“எடுத்த எடுப்புல கெட்டியா ஊத்துனா திட்டுத்திட்டா பூடும்க்கா. கொஞ்சங்கொஞ்சமா ஏத்திக்கினே போவணும்.”

உண்ணிகள் உதிர்ந்தன. பிறகு மறுபடியும் வந்தன. ஒவ்வொரு முறையும் மாமா மருந்தைச் சற்றுக் கெட்டியாக்கினார். மழைக்காலத்துக்குள் புட்டியில் எழுதியிருந்த அளவுக்கே வந்து சேர்ந்தார். அதற்குள் உண்ணிகள் மருந்தில் குளித்துவிட்டு நிதானமாக மடியை நோக்கி நடக்கப் பழகியிருந்தன. மாடு உண்ணிக் காய்ச்சலில் படுத்துவிட்டது.

கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மருந்தடித்த கதையை மாமாவிடம் கேட்டுக்கொண்டார்.

“மருந்த உடைச்சிப் போடுற நொதி ஒண்ணு உண்ணி உடம்புல இருக்குதுபா. சிலதுக்குப் பொறக்கும்போதே ஜாஸ்தி. நீ நீர்க்க அடிச்சதுல மத்ததுங்க செத்துச்சி. நொதி ஜாஸ்தியா இருந்ததுங்க பொழச்சி முட்டை வெச்சிச்சி.”

“மருந்துக்குப் பழகிக்கிச்சா சார்?”

“எதுவும் பழகலபா. அப்படிப் பொறந்ததுங்க மட்டும் மிச்சம்.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தனியாக எந்த உண்ணியும் கற்றுக்கொள்ளவில்லையாம், ஆனால் உண்ணிக் கூட்டத்துக்கே பாடம் தெரிந்துவிட்டதாம். வாத்தியார் அடித்தும் என் மண்டையில் ஏறாதது அதுகளுக்கு யாரும் சொல்லாமலே ஏறியிருந்தது. எட்டாவதோடு நின்று ஊர் ஊராகத் திரிந்து, கண்ட மாட்டுக்கொட்டகையில் எல்லாம் படுத்து எழுந்த பிறகுதான் டாக்டர் சொன்னது பாதியாவது புரிந்தது.

மாடு பிழைக்கவில்லை. அம்மா மறுவாரமே ஒரு தறிவீட்டுக்கு நூல் சுற்றப் போனாள்.

மாட்டை எடுத்துப்போன அன்று மாலை, மாமா சாயத்தொட்டிக்கு அடுப்பு மூட்டினார். தண்ணீர் கொதித்தது. அதில் எதையும் போடாமல் வெறும் வெந்நீரைக் கோலால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“என்னா கலர் மாமா?” என்று கேட்டேன்.

அவர் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். சாயம் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.