எட்டியப்பன் லீவரைச் சரியாகத்தான் போட்டான்

நான் பொய் சொன்னேன். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்த ஒருவனைப் பார்த்து, அவள் சாவுக்கு நீதான் காரணம் என்று, ஊர் கூடியிருந்த இடத்தில், தெரிந்தே சொன்னேன். காரணம் நான்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் என்னை இன்னமும் மதிக்கிறார்கள்... அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தப் பொய்யே.

செங்கல்பட்டில் எனக்கு மோட்டார் வரதன் என்று பெயர். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள், அதுவும் அண்ணன் கழித்துக் கொடுத்தது. ஆனால் சாயங்காலம் ரயிலடிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், உலகத்துக் கார் கம்பெனிகளுக்கெல்லாம் புத்தி சொல்பவன் நான்தான். மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிய சீமை மோட்டார் பத்திரிகைகள் என் வீட்டில் பரண் கொள்ளாமல் கிடந்தன. கார் ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். ஏதோ கொஞ்சம் தெரியும்.

நம் நாட்டில் அப்போது ஓடியவை இரண்டு மூன்று வகைக் கார்கள். கம்பெனிக்காரர்கள் முன்பக்கக் கிராதியை மாற்றுவார்கள், விளக்கைச் சற்றே நகர்த்துவார்கள், புது மாடல் என்பார்கள். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க ஜனங்கள் இருக்கும்போது அவன் ஏன் எஞ்சினை மாற்றப் போகிறான்? இதைச் சொல்லிச் சொல்லியே நான் பெரிய மனிதனானேன். எஞ்சினையும் இழுக்கிற சக்கரத்தையும் முன்னாலேயே வைத்த சின்னக் கார்கள் சீமையில் பறக்கின்றன, இங்கே ஒருத்தனுக்கும் அந்தத் தைரியமில்லை என்பேன். பெஞ்சே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஓசி டீ வேறு!

அரபு நாடுகளில் சண்டை மூண்டு பெட்ரோல் விலை எகிறியது. அப்போது பேச்சு ஜீப்பின் பக்கம் திரும்பிற்று. ஜீப்புக்கு நான்கு சக்கரமும் இழுக்கும். சாதாரண ரோட்டில் பின்சக்கரம் மட்டும். சேற்றிலோ மணலிலோ சிக்கினால், டிரைவர் ஒரு லீவரைப் போட வேண்டும், முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். எஞ்சின் பலத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கு அடியில் ஒரு இரும்புத் தண்டு உண்டு. ஷாப்ட் என்பார்கள். அந்த ஷாப்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பல பேர் கழற்றினார்கள்.

நான் அதை ஒரு கொள்கையாகவே ஆக்கிவிட்டேன். கம்பெனிக்காரனே முன்பக்க டிரைவ் இல்லாத ஜீப்பை விற்க ஆரம்பித்துவிட்டானே, அவன் என்ன முட்டாளா? முன்சக்கரம் இழுப்பதெல்லாம் பட்டாளத்துக்கு. நமக்கு அது தண்டச் சுமை!

அவன் கழித்தது தன் செலவைக் குறைக்க. இது எனக்குத் தெரியாதா? தெரியும்... தெரிந்தும், அவனுடைய லாபக் கணக்கை எனக்குச் சாட்சியாக நிறுத்தினேன்.

ரயில்வே பார்சல் ஆபீஸ் தாமோதரன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பெஞ்சில குந்திகினு பேசாத வரதா. கடலோரம் போய் மணல்ல ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து! அந்தச் சிரிப்பை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பஷீர் என் பள்ளிக்கூடத்து நண்பன். இறால் வியாபாரம் செய்தான். வெளிநாட்டுக்காரன் இறாலைத் தங்கமாய்ப் பார்த்த நாட்கள் அவை. பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, கடப்பாக்கத்துக்கு அந்தண்டை இருந்த மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து ஐஸ் போட்டு இறால் ஏற்றி வருவான். அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வியாபாரியின் வண்டி ஈரமணல் வரை இறங்கி வருகிறதோ, அவனுக்குத்தான் முதல் கூடை. தார் ரோட்டிலேயே நின்றுகொள்கிறவனுக்கு மிச்சம் மீதி. பஷீரின் ஜீப் ஈரமணல் வரை போகும். ஓட்டியவன் எட்டியப்பன், அதே குப்பத்து ஆள். வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருப்பான்.

எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அன்றைக்கு அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஷாப்டைக் கழற்றிவிடுவது. எட்டியப்பனிடம் சொல்லாமல் விடுவது! ஷாப்ட் இல்லாவிட்டாலும் லீவர் விழும். கைக்கு வித்தியாசம் தெரியாது; அடிப்பக்க ரிப்பேரெல்லாம் பஷீரின் ஐஸ் கொட்டகையிலேயே நடப்பதால் எட்டியப்பன் குனிந்து பார்க்கவும் மாட்டான். மணலில் இறங்கும்போது அவன் லீவரைப் போடுவான், வண்டி ஏறும், முன்சக்கரம்தான் ஏற்றியது என்று நினைத்துக்கொள்வான். கோடை முழுக்க இப்படி ஓடிய பிறகு நான் பெஞ்சில் எழுந்து நின்று உண்மையை உடைப்பேன். ஓட்டினவனுக்கே தெரியவில்லையடா, அப்புறம் எதற்கடா நாலு சக்கரம் என்று தாமோதரன் வாயை அடைப்பேன்.

பஷீர் தயங்கினான். "அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமேய்யா?"

சொன்னால் அவனுக்குப் பயம் வந்துவிடும், பயம் வந்தால் ஸ்டீயரிங் ஆடும், சோதனையே கெட்டுப்போகும் என்றேன். பெட்ரோல் மிச்சத்தையும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐஸ் கொட்டகைக்குப் பின்னால், நானும் அவனுமாகவே கழற்றினோம். ஸ்பேனரைப் பிடித்தது என் கை.

கோடை முழுக்க ஓடிற்று. நான் சொன்னபடியே ஓடிற்று! மணலில் பிடிப்பு வர டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, எட்டியப்பன் ஈரமணல் வரை போய் வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உடனே பெஞ்சில் சொல்லவில்லை. மழைக்காலமும் கழியட்டும், சாட்சி இன்னும் பலமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைக்கு அளவேது?

ஐப்பசியில் புயல் அடித்தது. கரை மணலெல்லாம் கிளம்பிவந்து, குப்பத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருந்த தடத்தை மூடிவிட்டது. முழங்கால் புதையும் பொடிமணல். புயல் ஓய்ந்த மறுநாள், எட்டியப்பன் மனைவி நாகம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். பஷீரின் ஜீப் எட்டியப்பன் வாசலில்தான் நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்... அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினான்.

பாதி வழியில் புதைந்தது. லீவரைப் போட்டான். பின்சக்கரம் குழி பறித்துக்கொண்டே போயிற்று. ஆண்கள் ஓடிவந்து தென்னை மட்டையைப் போட்டார்கள், தள்ளினார்கள், கையால் மணலை வாரினார்கள். அவள் உள்ளே கத்திக்கொண்டிருந்தாள். வண்டி அடிவயிறு வரை இறங்கிவிட்டது. கடைசியில் வலையில் தூளி கட்டித் தார் ரோடு வரை தூக்கிப்போனார்கள். அங்கிருந்து கட்டை வண்டி. செய்யூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

சேதி கேட்டு நானும் பஷீரும் மறுநாள் போனோம். வண்டி புதைந்த இடத்திலேயே நின்றது. பக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது. குப்பத்துப் பெரியவர் நேரடியாகக் கேட்டார்.

"பாயி, உன் வண்டில கோளாறு இருந்துச்சா, இல்லியா? தள்ளனவங்க அல்லாரும் சொல்றாங்கோ, முன் சக்கரம் சுத்தவே இல்லியாம். அதுக்கு இன்னா சொல்ற?"

பஷீர் திரும்பி என்னைப் பார்த்தான். "வண்டியப் பத்தி சாருக்கு நல்லாத் தெரியும், அவரே பாத்துச் சொல்லட்டும்" என்று யாரோ சொன்னார்கள். அங்கேயும் என் பெயர் பரவியிருந்தது! வேறொரு நாளாக இருந்தால் பூரித்துப் போயிருப்பேன்.

மணலில் மல்லாந்து படுத்து, பக்கத்தில் ஒரு குழி பறித்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தேன். ஷாப்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஈரமணல் அப்பிக்கிடந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். எதை நினைத்தேன் என்கிறீர்கள்? நாகம்மாவையா? இல்லை... தாமோதரனை நினைத்தேன். பெஞ்சை நினைத்தேன். மோட்டார் வரதன் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டான் என்று ரயிலடி முழுக்கப் பேசுவதை நினைத்தேன்.

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னேன். "வண்டியில் ஒரு குறையும் இல்லை. லீவர் முழுசாக விழவில்லை. அதனால்தான் முன்சக்கரம் சுற்றவில்லை."

எவ்வளவு பொருத்தமான பொய் பாருங்கள்! அவர்கள் கண்ணால் கண்டதையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டேன். குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் பார்த்துவிட்டேனே.

எட்டியப்பன் தலைநிமிர்ந்தான். கண் வீங்கியிருந்தது. "போட்டேன் சார். அயுத்தித்தான் போட்டேன்னு நெனப்பு கீது..." என்றான். கொஞ்சம் பொறுத்து, "அப்போ நாந்தானா சார்?"

இதற்கு நான் சொன்ன பதில் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை காலம் வாய் வரவில்லை. அவன் தோளில் கை வைத்து, "பதற்றத்தில் யாருக்கும் வரக்கூடியதுதானப்பா" என்றேன்.

நான் அவனை மன்னித்தேன்!

மாட்டைக் கட்டி இழுத்து, வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகு நானே ஷாப்டைத் திரும்ப மாட்டினேன். பஷீர் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதான். "இன்னாய்யா இப்டி பண்ணிட்ட? அல்லா பாத்துகினு கீறான். போய்ச் சொல்லிடுவோம்யா." நான் விடவில்லை. குப்பமே உன்னைச் சும்மா விடாது, அந்தக் கரையில் நீ இனி ஒரு கூடை இறால் எடுக்க முடியாது, உன் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடும் என்றெல்லாம் பயமுறுத்தினேன். பயந்தவன் உண்மையில் நான். அவன் ஜீப்பை விற்றுவிட்டு வளைகுடாப் பக்கம் போனான். எனக்கு ஒரு கடிதாசி கூடப் போடவில்லை.

பெஞ்சில் என்ன நடந்தது தெரியுமா? தாமோதரன் தோற்றுப்போனான். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டிதான், இன்னா பிரயோஜனம்? பொம்பள செத்துப்பூட்டா. வரதன் சொன்னதுதான் கரெக்டு" என்று அவனே எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடித்தேன்.

அடுத்து வந்த ஒரு புயல் சேதத்தைக் கணக்கெடுக்க, தாலுகா ஆபீசிலிருந்து என்னை அதே குப்பத்துக்கு அனுப்பினார்கள். மறுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. சர்க்கார் ஜீப் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. "இது டூ வீல் டிரைவ் சார். முன்னால ஷாப்டும் கெடியாது, லீவரும் கெடியாது. மணல்ல எறங்காது" என்று சொல்லிவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சவுக்குத் தோப்பிலிருந்து எட்டியப்பன் வந்தான். இளைத்துப் போயிருந்தான். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வலை இழுக்கப் போகிறானாம். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கண்டதும் கும்பிட்டான்! அவன் ஜீப்பைச் சுற்றி வந்தான். முன்பக்கம் மண்டிபோட்டு, அடியில் வெகுநேரம் பார்த்தான்.

எழுந்து வந்து மெல்லக் கேட்டான். "சார், ஒண்ணு கேக்கட்டா? லீவரு இருந்து, ஷாப்ட் மட்டும் இல்லாங்காட்டி... லீவரு வுழுமா சார்?"

நான் பைக்குள் கணக்கெடுப்புத் தாளைத் தேடினேன்.

"இல்ல சார், அன்னிக்கி என் கையில வுழுந்துச்சு. டக்குன்னு வுழுந்துச்சு. இன்னும் கையில அப்டியே கீது. அதான் கேட்டேன்."

சுற்றிலும் யாரும் இல்லை. கடவுள் எனக்கென்றே ஒதுக்கிக் கொடுத்த நேரம் அது. ஒரே ஒரு வார்த்தை. விழும். அதைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவனே புரிந்துகொண்டிருப்பான். அவன் என்னை அடித்திருக்கலாம், கொன்றுகூடப் போட்டிருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து நிம்மதியாகச் சோறு தின்றிருப்பான். அது அத்தனையும் தெரிந்துதான் நின்றுகொண்டிருந்தேன்...

"விழாது" என்றேன்.

அவன் தன் இடது கையை விரித்துப் பார்த்தான். லுங்கியில் துடைத்துக்கொண்டான். "அப்ப கைதான் பொய் சொல்லுது சார்" என்றான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் கையிலிருந்த பையை அவனே வாங்கிக்கொண்டு, வெயிலில் எனக்கு முன்னால் நடந்து, இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். அவன் வீடும் அதில் ஒன்று. எழுதிக்கொண்டேன்.

இதை உங்களிடம் சொன்னதால் எனக்குப் பாரம் குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சொல்ல வேண்டிய ஆள் நீங்கள் அல்ல. செங்கல்பட்டிலிருந்து அந்தக் குப்பத்துப் பக்கம் இப்போது பஸ் போகிறது. ஆபீசுக்குப் போகிற வழியில் தினமும் அதைப் பார்க்கிறேன். இன்றும் ஏறவில்லை.