ஏழு வீட்டில் நாற்பத்திரண்டு கதிரைகள்

1. படிவம்

எங்களிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எடுத்த முதல் கணக்கெடுப்பின்படி, ஆலங்குடாவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு குடியிருப்பில் ஏழு வீடுகளில் நாற்பத்திரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. உண்மையில் இருந்தவை ஆறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

யுத்தம் முடிந்த பிறகு புத்தளத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சமூக சேவை பழக்குவது என் வேலை. மூன்று நாள் ட்ரெய்னிங் கொடுத்தேன். வந்த ஐந்து பேரில் ரிஸானா மட்டும் குறிப்பெடுத்தாள். மற்ற நால்வரும் நாங்கள் கொடுத்த தொப்பியின் அளவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஏழு வீட்டாரும் தொண்ணூறாம் ஆண்டு புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள். எல்லாம் தென்னோலைக் கிடுகுக் கூரை. எங்களிடம் இருந்தது நாலு வீட்டுக்கான கூரைத் தகரம். மாரி மழைக்கு முன் அடித்து முடிக்க வேண்டும். எந்த நாலு வீடு என்பதைப் படிவம் சொல்லும். கதிரை, ஃபேன், கண்ணாடிக் கோப்பை என்று ஒவ்வொரு பொருளுக்கும் புள்ளி. புள்ளி கூடினால் வசதியான வீடு.

பிள்ளைகள் ஒரே நாளில் ஏழு வீட்டையும் முடித்தார்கள். ஆகக்கூடிய புள்ளி எடுத்தது சித்தி ராத்தாவின் வீடு. கணவனைக் கடலில் பறிகொடுத்தவர். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய படிவத்தில் 'குறைகள்' என்ற இடத்தில், "அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறயும் இல்ல மகள்" என்று சொன்னபடியே எழுதியிருந்தாள் ரிஸானா. நான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

2. ஃபேன்

ஒன்பதாம் நாள் கோப்பில் போட நகலை எடுத்தபோது இரண்டு வரி கண்ணில் பட்டது. 'மின்சாரம்: இல்லை.' அதற்குக் கீழே, 'மேசை ஃபேன்: ஒன்று.'

ரிஸானாவைக் கூப்பிட்டேன்.

"மகள், கரண்ட் இல்லாத வீட்டுல ஃபேன் என்னத்துக்கு?"

"தெரியா சேர். பெட்டிக்கு மேல வச்சிருந்தாங்க. வயர் சும்மா தொங்கிச்சி."

"கேக்கல்லியா?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்ல சேர்."

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். சித்தி ராத்தா வீட்டில் அவள் இருந்த கதிரையின் கால் நீல வலை நூலால் கட்டியிருந்ததாம். மற்ற ஆறு வீட்டிலும் அப்படி ஒரு கதிரை இருந்ததாம்.

"எல்லாம் ஒரே கடையில வாங்கினதாக்கும், ஒரே மாதிரி உடையிது எண்டு நெனச்சன் சேர்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நானும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தவன்தான். ஆபீசர்மார் முகாமுக்கு வந்தால் உம்மா பக்கத்துக் கொட்டிலில் கதிரை கேட்பார். அவர்கள் எங்கள் கொட்டிலை விட்டு எழும்ப முதல், அதே கதிரை அடுத்த கொட்டிலுக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியது வேறு யாருமில்லை, நான்தான். சம்பளமும் தொப்பியும் கிடைத்த பிறகு எனக்கு அது மறந்துவிட்டது. சரியான வெட்கமாக இருந்தது.

3. பாய்

அன்றைக்கே ரிஸானாவுடன் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். சித்தி ராத்தா வீட்டில் ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. கூரையில் வானம் தெரிந்தது. எங்களைக் கண்டதும் அவர் வேலிப் பக்கம் ஓடினார்.

"பலீல் நானா! கதிரைய அனுப்புங்க, ஆபீசால வந்திரிக்காங்க!"

"வேணாம் ராத்தா, பாய் காணும், அதுலயே இரிக்கிறம்."

"வீடு தேடி வந்தவங்கள நிலத்துல இரிக்கச் சொல்றதா? நல்ல கதை."

கதிரை வந்தது. கூடவே ஃபேனும் வந்தது. கணக்கெடுத்த அன்று அதே ஆறு கதிரைகள்தான் எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வீடு வீடாக ஓடியிருந்தன. ஏழு வீட்டிலும் ஆக ஒன்றுமில்லாதவர் அவர் என்பதால், அயலவர்கள் அன்றைக்கு அவருக்குத்தான் ஆகக்கூட இரவல் கொடுத்திருந்தார்கள். எங்கள் படிவம் அதையெல்லாம் அவருடைய சொத்தாக எழுதி, அவரை லிஸ்டிலிருந்து தள்ளியிருந்தது.

எங்கள் அலுவலகக் கோர்டினேற்றர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். லிஸ்டைத் தொடவே விடவில்லை.

"அனுப்பின லிஸ்டை இனி மாத்தேலாது, ஹனீபா. என்ன காரணம் எண்டு எழுதுறது?"

"என்ட பிழை எண்டு எழுதுங்க சேர். கரண்ட் இல்லாத வீட்டுல ஃபேன் இரிக்கிதெண்டு நான்தான் கையெழுத்து வச்சிரிக்கன்."

இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அதைக் கடிதமா எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. கடிதம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தகரம் நாலு வீட்டுக்குத்தான். சித்தி ராத்தா உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். புள்ளிப்படி அது ஃபேன் கொடுத்த பலீல் நானா. ட்ரெய்னிங்கில் நான் சொல்லிக் கொடுக்காத பாடம் அது. கொடுப்பதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்லலாம்; இல்லை என்பதை நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ரிஸானா தானே சொல்வதாக வந்தாள். பாதியிலேயே அழுதுவிட்டாள்.

பலீல் நானா வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இதுக்கா அழுற மகள்? எனக்கு ஓலை மாத்தத் தெரியும். அந்த மனிசிக்கு ஆர் இரிக்கா?"

தகரம் அடித்த மூன்றாம் நாள் மழை தொடங்கியது. ஓய்ந்ததும் ஐந்து பிள்ளைகளும் பலீல் நானா வீட்டுக்குக் கிடுகு வேயப் போனார்கள். நான் போகச் சொல்லவில்லை.

4. இப்போது

அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் முதலில் சொன்னது ஒன்றுதான். கதிரை போட்டால் இருங்கள், எண்ணாதீர்கள். அது யாருடைய கதிரை என்பதை மெல்ல விசாரியுங்கள். அந்த ஊரில் உங்களுக்கு முன்பே சேவை செய்துகொண்டிருப்பவர் யாரென்று தெரிந்துவிடும்.

நான் அந்த வேலையை விட்ட பிறகு, போன பெருநாளைக்கு அந்த ஐந்து பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ரிஸானா இப்போது கள உத்தியோகத்தர். எங்கள் வீட்டில் கதிரை மூன்றுதான். மனைவி பின்கதவால் போய் இரண்டு கொண்டுவந்தாள். அவை வேறு நிறம்.

ரிஸானா கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதில் அமர்ந்து டீயைக் குடித்தாள்.