துவைத்த சட்டை

1. ஈப்போவில் நடக்கும் கலைக் கண்காட்சிக்கு, பால்யத்தின் வாசனை மாறாத பொருள் ஒன்று கேட்டார்கள்.
2. ரப்பர் தோட்டத்தில் கடைசியாகப் பால் வெட்டிய அன்று கழற்றியபடியே அம்மா பெட்டியில் போட்டுவைத்த சட்டையைக் கேட்டேன்.
3. மறுநாள் அது புந்தோங் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா தொவைச்சீங்க?"

"பின்ன, நாத்தத்தோடயா குடுக்கிறது? நாம பஸ்ல ஏறுனா மூக்கப் பொத்துனவங்கதான் அங்க பாக்க வருவாங்க. மானம் போயிரும்லா."

முகர்ந்தேன். சவர்க்காரம் மட்டும்தான். செமோர் பக்கத் தோட்டத்தில், வேலைக்காரர் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில், பாயில் கண்ணை மூடிக் கிடப்பேன். உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலின் புளித்த வாடையும், இடுப்பில் கட்டிய கொசுவத்தியின் புகையும், வேர்வையும் சேர்ந்து வந்தால் அம்மா வந்துவிட்டார் என்று கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவேன்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் என்னால் கட்டிப்பாலின் புளிப்பை உண்டாக்க முடியும். அம்மாவின் வேர்வையை முடியாது.

சட்டையை அப்படியே கொடுத்தேன். திறப்பு நாளில் அம்மா அதை முகர்ந்துவிட்டு, "பாத்தியா, ஒரு வாடை இல்ல" என்று சிரித்தார்.

மாத முடிவு வரை அது அங்கே தொங்கும்.