மூன்றாவது வரி

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைத் தாண்டியதும் அவர் ஒருமுறை கை தட்டுவார். ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் எந்தச் சுவரில் முட்டி எப்படித் திரும்புகிறது என்று கேட்பார். தெரிந்தவர்கள் கண்டுகொள்வதில்லை. ஒருமுறை கல்யாண மண்டபத்தில் அப்படித் தட்டியபோது பக்கத்தில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்ட, மண்டபம் முழுக்கக் கைதட்டல் பரவிவிட்டது. மேடையில் மாப்பிள்ளை அப்போதுதான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்களைக் கையைக் கட்டித்தான் வெளியே கூட்டிட்டுப் போகணும்," என்றார் மனைவி.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுக் கணக்குப் பிசகாமல் சுற்றி அடைக்கிற வேலை. தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றே பெயர். கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டால் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் காதைத்தான் கொடுப்பார். மீட்டர் சரியாகக் காட்டியும் காது ஒப்பவில்லை என்றால் மறுபடி பிரித்துவிடுவார்.

பகலெல்லாம் இரைச்சலில் இருக்கும் மனிதர், வீட்டின் பின்பக்கத்தில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டினார். கட்ட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. முடிந்துவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அறையின் நீளம் பதினாறரை அடி, அகலம் பன்னிரண்டேகால். ஓர் அளவு இன்னோர் அளவின் மடங்காக அமைந்தால் தாழ்ந்த ஓசைகள் தேங்கிக் குமுறும் என்பதால் கொத்தனாரிடம் சண்டை போட்டு வாங்கிய கால் அடி அது. சுவர் இரட்டைச் சுவர், நடுவில் மணல். நான்கு மூலையிலும் கண்ணாடிப் பஞ்சு அடைத்துத் துணி போர்த்திய தூண்கள். கதவு பலகைமேல் பலகை வைத்து ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டியது. அதைச் சாத்தினால் காதுக்குள் லேசாக அழுத்தும். ஆள் மட்டத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும், அவரே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்கள் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபையரும், பெரிய ஸ்பூல் டேப் மெஷின் ஒன்றும் உள்ளே இருந்தன. ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றித் தரையில் ஒட்டுத்தாள் துண்டுகள், ஒவ்வொன்றிலும் தேதி. பெட்டியை அரை அங்குலம் நகர்த்தினாலும் பழைய இடத்தைக் குறித்துவைப்பார். உட்கார ஒரே நாற்காலிதான். இரண்டு பக்கத்து ஓசையும் சரியாகச் சேருகிற இடம் ஒன்றுதானே இருக்க முடியும்?

அந்த நாற்காலியிலும் அவர் ஒரு பாட்டு முழுதாக உட்கார்ந்ததில்லை. பல்லவி முடிவதற்குள் எழுந்து ஏதாவது ஒன்றைத் திருப்பிவிட்டு வருவார். வந்து உட்கார்ந்தால் கால் ஆடும். மறுபடி எழுவார்.

"இந்த ரூமுக்குள்ள பேய் வந்தாக்கூட மூச்சு முட்டிச் செத்துரும்," என்பார் மனைவி. அவர் கேட்கும் நேரத்தில் ஃப்ரிட்ஜை நிறுத்துவது, மிக்ஸியைத் தொடாமல் இருப்பது, எங்கேயாவது உறுமல் கேட்டால் வந்து சொல்வது, இவையெல்லாம் மனைவியின் பொறுப்பு.

இத்தனையும் ஒரே ஒரு டேப்புக்காக. அது அவருடைய அக்கா பாடியது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் வானொலி நிலையத்தில் குரல் தேர்வு நடந்தது. ஒரு சின்ன அறையில் நிற்கவைத்து, சுருதிப்பெட்டியைச் சற்று நேரம் இசைத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். துணை எதுவும் இல்லாமல் தனியாகப் பாட வேண்டும். பாடினதை டேப்பில் பதிந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஆளைப் பார்க்காமல் டேப்பை மட்டும் கேட்டு ஒரு குழு முடிவு சொல்லும். அக்காவுக்கு வந்த கடிதத்தில் ஒரே வரி: சுருதி நிலையாக இல்லை.

அக்கா அதற்குப் பிறகு பாடவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார், கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார், ஓய்வும் பெற்றுவிட்டார். சமையல் செய்யும்போது எப்போதாவது ஒரு முனகல் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் யாரோ பின்னாலிருந்து பார்ப்பதுபோல நின்றுவிடும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு வானொலி நிலையத்தில் ஏ.சி. காற்றுக் குழாய் மோட்டார் ஒன்றைக் கழற்றப் போன காயில்காரர், வேண்டாமென்று ஒதுக்கிய குவியலில் டேப் வைத்த தகர டப்பா ஒன்றைப் பார்த்தார். மேலே அக்காவின் பெயரும் எண் இருபத்தேழும் இருந்தன. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

"கேட்டியா?" என்றார் அக்கா, விஷயம் தெரிந்ததும்.

"இல்லக்கா. நல்ல மெஷின் வேணும். கண்ட மெஷின்ல போடக் கூடாது."

"ஒரே ஒரு தடவை கேக்கணும்டா. அவங்க எழுதினது சரியா தப்பான்னு என் காதால தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

காயில்காரர் சொன்னது பொய். டேப் கிடைத்த அன்றைக்கே கடன் வாங்கிய மெஷினில் போட்டுக் கேட்டிருந்தார். முதல் வரி, இரண்டாவது வரி, இரண்டிலும் குரல் கம்பி இழுத்துக் கட்டினாற்போல் நின்றது. மூன்றாவது வரியில் ஏறிவிட்டது. கால்வாசி வரிக்குச் சுருதியை விட்டு மேலே போய், பிறகு தானாக இறங்கி வந்தது.

மெஷின் கோளாறு என்று நினைத்தார். சொந்தமாக ஒரு மெஷினை வாங்கி, மோட்டாரையே புதிதாகக் கட்டி, சரியான வேகத்தில் பதிந்த சோதனை டேப் ஒன்றைப் போட்டு வேகத்தைச் சோதித்தார். வேகம் இம்மி பிசகவில்லை. மூன்றாவது வரி அப்படியேதான் ஏறியது. ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகப்பட்டார். ஸ்பீக்கரை மாற்றினார். அறைதான் குரலைக் கெடுக்கிறது என்று சுவரை இடித்துக் கட்டினார். அறையால் ஒரு குரலின் சுருதியை ஏற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கட்டினார்.

இதற்கு நடுவில் ஹம்மோடு ஒரு யுத்தம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் ‘உம்’ என்று கேட்குமே, மின்சாரத்தின் அந்த அடிக்குரலைத் தொழிலில் ஹம் என்பார்கள். ஆரம்பத்தில் அவர் அறை முழுக்க அதுதான். எர்த்துக்குத் தனிக் குழி வெட்டினார், மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்தார். அப்படியும் எங்கோ மிச்சம் இருந்தது. கடைசியில் பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் வடிகட்டி ஒன்றைக் கட்டி, டேப் மெஷினுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வைத்தார். ஹம் செத்தது. அதற்கப்புறம் அந்த டப்பாவை அவர் தொடவில்லை.

அக்கா மாதம் ஒருமுறை கேட்பார். "உன் ரூம் எப்பதான்டா முடியும்? நான் முடியறதுக்குள்ளயாவது முடியுமா?"

"இடது மூலை கொஞ்சம் குமுறுதுக்கா."

"போன வருஷம் வலது மூலைன்ன."

மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவின் வலது காது மங்கியது. பிறகு மொத்தமாகப் போயிற்று. போன வருடம் இடதும் தொடங்கியது. பேச்சின் கூர்மையான சத்தங்கள் முதலில் போகும், தாழ்ந்த சத்தங்கள் கடைசிவரை கொஞ்சம் நிற்கும் என்றார் டாக்டர். "எல்லாரும் வாய்ல தண்ணிய வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு," என்று அக்கா சொன்னபோது காயில்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் ஸ்பீக்கரை இரண்டு முறை நகர்த்தினார், மூன்றாவது முறை பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். போட்டால் அக்கா அந்த மூன்றாவது வரியைக் கேட்டுவிடுவார். போடாவிட்டால் எதையுமே கேட்காமல் போய்விடுவார். பட்டறையிலும் கை ஓடவில்லை. ஒரே மோட்டாரை இருமுறை பிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து லேத் பட்டறை மூடியிருந்த நேரத்தில், அக்கா சொல்லாமல் வந்து நின்றார்.

"இந்தக் காதும் ரொம்ப நாள் தாங்காதாம். இன்னைக்குப் போடறியா, இல்ல டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் வேற யார்கிட்டயாவது போட்டுக்கட்டுமா?"

"அக்கா, அந்த மூலை..."

"மூலையைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, விசிலடித்த காது மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டார். காயில்காரர் டேப்பை ஏற்றிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"எண் இருபத்தேழு" என்று ஓர் ஆண் குரல். பிறகு துளிச் சத்தம் இல்லை. அதிலிருந்து பத்தொன்பது வயதுக் குரல் எழுந்தது. முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் அக்காவின் கழுத்து விறைத்தது.

பாட்டு முடிந்ததும் அக்கா ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்தபடியே பேசினார்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க. மேல போயிட்டேன். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது பழைய டேப்புக்கா..." என்று பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னார்.

"சும்மா சொல்லாத." பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், பாதியில் நின்றார். "ஆனா ஒண்ணு. நான் பாடின அந்த ரூம்ல ஒரு சத்தம் இருந்துச்சே, அதை எங்க காணோம்?"

"என்ன சத்தம்?"

"உம்முன்னு. சுவத்துக்குள்ள யாரோ வாயை மூடிக்கிட்டுப் பாடற மாதிரி. சுருதிப்பெட்டிய நிறுத்தினதும் எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. அந்தச் சத்தம் என் சுருதிக்குப் பக்கத்துலயே இருந்துச்சா, கடைசிவரைக்கும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டுப் பாடினேன். இதுல அது இல்லவே இல்லையே?"

காயில்காரர் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார்.

அதன் இரண்டு ஒயரையும் பிடுங்கினார். டப்பாவை ஒதுக்கிவிட்டு மெஷினை நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகினார். டேப்பைத் திருப்பி ஓட்டினார்.

"எண் இருபத்தேழு." அதன் பின்னால் ‘உம்’.

பல வருடத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் ஹம். அவர் உடம்பு தானாகவே மெயின் போர்டுப் பக்கம் திரும்பியது. டேப்பை நிறுத்திப் பார்த்தார். அறை கப்பென்று அடங்கியது. ஓடவிட்டார், வந்தது. அவருடைய அறையின் ஹம் இல்லை இது, டேப்புக்குள்ளேயே பதிந்திருந்த ஹம். அவருடைய ஹம் ஓயாத காலத்தில் அதற்குள் இது கலந்து கிடந்திருக்கிறது. அதைக் கொன்றபோது இதையும் சேர்த்து வடிகட்டிவிட்டார்.

குரல் வந்தது. ஹம் அதன் காலடியில் பாய் விரித்தாற்போல் கிடந்தது. மூன்றாவது வரியில் குரல் ஏறியது. கூடவே ஹம்மும் ஏறியது. இரண்டும் ஒட்டினாற்போலவே மேலே போய், ஒட்டினாற்போலவே இறங்கின.

"அதுவும் ஏறுது," என்றார் அக்கா. தாழ்ந்த சத்தங்கள் அந்தக் காதில் இன்னும் மிச்சமிருந்தன.

அவர் மூன்றாவது வரியை மட்டும் மறுபடி போட்டார். இன்னொரு முறையும் போட்டார். பிறகு அக்காவின் இடது காதருகில் குனிந்தார்.

"கரண்ட்டோட சத்தம்க்கா அது. ஒரு வரி பாடற நேரத்துல அது இப்படி ஏறவே ஏறாது. எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது ஏதாவது இருக்குன்னா அது இதுதான். பதிவு பண்ணின மெஷின் அந்த இடத்துல கொஞ்சம் தயங்கியிருக்கு. மெதுவா ஓடிப் பதிஞ்சதைச் சரியான வேகத்துல போட்டா எல்லாமே மேல ஏறும். நீயும் ஏறுவ, அதுவும் ஏறும். நீ அதை விட்டு விலகவே இல்லக்கா."

அக்கா மறுபடி உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது. அதன் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"நீ இதை முதல்ல எப்ப கேட்ட?"

அவர் குனிந்து தரையில் ஒட்டுத்தாள் ஒன்றின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார்.

"எப்ப கேட்டடா?"

"டேப் கிடைச்ச அன்னைக்கு."

"மூணாவது வரியும்?"

"ம்."

"அப்ப நீயும் அந்த லெட்டரை நம்பிட்ட."

"ரூம்ல ஏதாவது தப்பு இருக்குமோன்னு..."

"பதினோரு வருஷம் சுவத்துல தப்பு தேடியிருக்க. பாடினவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், ரெண்டு காதும் இருந்தப்ப."

காயில்காரர் மூலைத் தூண்களையும் தரையில் ஒட்டிய தேதிகளையும் பார்த்தார். அந்தத் தேதிகள் ஒவ்வொன்றிலும் அக்காவின் காது இன்றைக்கு இருப்பதைவிட நன்றாக இருந்திருக்கும்.

"உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்," என்றார் அக்கா. "மறுபடி போடு. முதல்லேருந்து. அந்த டப்பாவை என் கண்ணுல காட்டாத."

டேப் ஓடத் தொடங்கியபோது கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மனைவி காபியோடு உள்ளே வந்தார். ஒரு நொடி நின்று காதைக் கொடுத்தார்.

"என்னங்க, உம்முன்னு கேக்குதே. ஃப்ரிட்ஜை நிறுத்திட்டேனே, அப்புறம் எங்கேருந்து வருது? எழுந்து பாருங்க."

"அது இருக்கட்டும்," என்றார் அவர். நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில், ஓசை சேராத இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. "கதவைச் சாத்திட்டு உக்காரு."

"அண்ணி, காபி," என்றார் மனைவி.

அக்கா திரும்பவில்லை. இரண்டாவது வரி முடியப்போகிறது. வலது கையை மட்டும் உயர்த்தி, பேசாதே என்று காட்டினார்.