நார்த்தூள் அலசியவள்

தம்பி அவளைத் துரத்திவிட்டான் என்கிற வாயெல்லாம் கொஞ்சம் சும்மா இருக்கட்டும். அவன் துரத்தவும் இல்லை, அவள் கோபித்துக்கொண்டு ஓடவும் இல்லை. நாற்றைக் கொன்ற கையாம். அந்தத் தோட்டத்தில் முளைத்ததில் முக்கால்வாசி அந்தக் கைபட்டு முளைத்ததுதான். என்ன சொல்லி என்ன, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நாற்றுத் தோட்டம் தம்பியுடையது. தொட்டிக்கு மண் கலப்பது அக்கா. பெற்றவள் வைத்த பேர் போய் எல்லோருக்கும் அவள் ‘மண்ணக்கா’. சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கிற பீட் மண்ணைத்தான் அத்தனை வருஷமும் கலந்தாள். சதுப்பெல்லாம் பாழாகிறது, இனி அது வேண்டாம் என்று தம்பி தேங்காய் நார்த்தூளுக்கு மாறினான். அவளும் சரி என்றாள். செங்கல் மாதிரி இறுகின கட்டி; தண்ணீரில் போட்டால் பால் பொங்குகிற மாதிரி பொங்கும். உப்பு வேறு இருக்கும். அலசி, வடித்து, வடிகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, கரித்தால் மறுபடி அலசுவாள். ராத்திரி படுத்தால் தோள் புரளவிடாது.

சனியன் பிடித்தது தண்ணீர் ஊற்றுகிற இடத்தில். பீட் மேலே வெளுத்தால் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். நார்த்தூள் அப்படியில்லை, மேலே வெளுத்துக் கிடக்கும், அடியில் சொதசொதவென்று ஈரம். நாற்றுத் தட்டைத் தூக்கிக் கனம் பார்த்துத்தான் ஊற்றவேண்டும். அவளோ பழகின கண்ணை நம்பினாள். தக்காளி நாற்று மொத்தமும் தலை சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கினால் வேர் அழுகி விரலோடு வழுக்கி வந்தது. அப்படியே தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டி, ஊற்றினது நான்தான் என்றாள்.

அவன் அதை வெளியே விடாதே என்றான். நாற்று கேட்டு வந்தவர்களிடம், தூள்காரர் உப்புத் தூளைத் தலையில் கட்டிவிட்டார் என்று சொல்லிவைத்தான். மற்றத் தோட்டத்துக்காரர்களும் அவரிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த மனுஷன் வாசலில் வந்து நின்றபோது தம்பி செடிக்குள் குனிந்துகொண்டான். அக்காதான் முன்னால் வந்தாள்.

“உங்க தூள்ல குறையில்லை. நான்தான் கனம் பாக்காம தண்ணி ஊத்திட்டேன். கேக்கிறவங்க கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் தம்பி சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான். “வாயை மூடிட்டு இருந்தா என்னக்கா குறைஞ்சுபோயிருக்கும்? நாளைக்கு வர்றவங்க கிட்ட, அவரைப் பாத்துப் பாவப்பட்டு அப்படிச் சொன்னேன்னு சொல்லிடு.”

“மூணு தண்ணி அலசினேன்டா. அதைப் போய் உப்புன்னு சொல்லச் சொல்றியே.”

தோள் அசந்தால் படுத்துத் தேற்றலாம். இந்த அசதிக்கு எங்கே போய்ப் படுப்பது?

மறுநாள் காலையில் ஒவ்வொரு நாற்றுத் தட்டாகத் தூக்கிப் பார்த்தாள். லேசாக இருந்ததற்கு மட்டும் ஊற்றினாள். குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். ஓரத்துத் தட்டு வெளுத்திருக்கிறதே, ஊற்றவில்லையா என்று கேட்டுக்கொண்டு தம்பி வந்தான்.

“தூக்கிப் பாருப்பா.”

அவன் குனிந்து தட்டைத் தூக்குவதற்குள் அவள் துணிமூட்டையும் கையுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.